பியானோ பெஞ்சுக்குள் கிடைத்த பாட்டுத் தாள்கள்: வாசகர் கேள்வி–பதில்

1890-களிலிருந்து 1920-கள் வரை அமெரிக்காவில் அச்சான பாட்டுத் தாள்கள் (வீட்டில் பியானோ வாசித்துப் பாட, நொட்டேஷனும் வரிகளுமாகப் பாட்டுக்கு ஒன்றாக விற்றவை) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) பெட்டி நிறையப் பழைய பாட்டுத் தாள்கள் வாங்கினேன். பலவற்றில் காப்பிரைட் 1911, 1912 என்று இருக்கிறது. எல்லாம் அந்த வருடத்திலேயே அச்சானவையா? முதல் அச்சு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— எஸ்.ஆர்., எடிசன், நியூ ஜெர்சி

காப்பிரைட் வருடம் பாட்டைப் பதிவு செய்த வருடம், அவ்வளவுதான். உங்கள் கையிலுள்ள பிரதி எப்போது அச்சானது என்பது வேறு விஷயம். நன்றாக ஓடிய பாட்டை இருபது வருடம்கூட மறுபடி மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

முதலில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். முதல் உலகப் போர் வரை தாள்கள் பெரிய அளவில் வந்தன: அகலம் சுமார் 10½ அங்குலம், உயரம் 13½ அங்குலம். போர்க்காலத்தில் காகிதத்தை மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்தார்கள். 1920 வாக்கில் 9-க்கு 12 அங்குலம் என்பது நிலைத்துவிட்டது. 1918-ல் லியோ ஃபைஸ்ட் கம்பெனி இன்னும் சின்னதாக, ஏறக்குறைய 7-க்கு 10 அங்குலத்தில், போர்க்காலப் பதிப்பு என்றே அச்சிட்டு விற்றது. ஆகவே 1912 காப்பிரைட் உள்ள பாட்டு 9-க்கு 12-ல் இருந்தால், ஒன்று அது போருக்குப் பிந்தைய மறு அச்சு. இல்லையென்றால் பியானோ பெஞ்சின் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று யாரோ கத்தரித்திருக்கிறார்கள். கத்தரித்த தாளில் அட்டை ஓவியரின் கையெழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கும், உள்ளே அடிவரி (பக்கத்தின் அடியில் வரும் காப்பிரைட் வரி) ஓரத்தை ஒட்டி நிற்கும்.

அடுத்தது அந்த அடிவரி. அட்டையை விட்டுவிட்டு, இசை தொடங்கும் முதல் பக்கத்தின் அடியைப் பாருங்கள். வருடம் ரோமன் எண்ணில் இருக்கலாம். எம்சிஎம்எக்ஸ்ஐ என்றால் 1911. அங்கே காப்பிரைட் புதுப்பிக்கப்பட்டது என்று சேர்த்திருந்தால், அந்தப் பிரதி பாட்டு வெளிவந்து ஏறக்குறைய 28 வருடம் கழித்து அச்சானது. அப்போதைய சட்டப்படி 28-வது வருடத்தில்தான் புதுப்பிப்பார்கள். பதிப்பாளர் முகவரியில் ‘நியூயார்க் 19’ என்பது போல ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன எண் வந்தால் அது 1943-க்குப் பிறகு அச்சானது. அமெரிக்கத் தபால் துறை பெரிய ஊர்களுக்கு மண்டல எண் கொடுத்தது அந்த வருடம்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி பின்னட்டை. அதில் பதிப்பாளர் தன் மற்றப் பாட்டுகளுக்கு விளம்பரம் போட்டிருப்பார். சிலவற்றுக்கு நாலைந்து பார் (தாளத்தின் ஒரு சிறு சுற்று) நொட்டேஷனும் இருக்கும். அந்தப் பாட்டுகள் எந்த வருடம் வந்தவை என்று தேடுங்கள். 1911 பாட்டின் முதுகில் 1916 பாட்டின் விளம்பரம் இருந்தால் பிரதி 1916-க்கு முந்தியது அல்ல.

பதிப்பாளர் பெயரும் துப்புக் கொடுக்கும். இர்விங் பெர்லினின் ‘அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்’ 1911-ல் டெட் ஸ்னைடர் கம்பெனி வெளியீடு. அந்தக் கம்பெனி பிறகு வாட்டர்சன், பெர்லின் அண்ட் ஸ்னைடர் ஆனது. அட்டையில் இந்தப் பெயர் இருந்தால் அது முதல் அச்சு அல்ல. ராக்டைம் (தாளத் தட்டுகளுக்கு இடையே மெட்டு விழும் அந்தக் காலப் பியானோ இசை) இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899-ல் மிசூரி மாநிலம் செடாலியாவில் ஜான் ஸ்டார்க் அண்ட் சன் போட்டது. முதல் அட்டையில் கறுப்பினத்தவர் ஜோடிகளின் படம் இருக்கும். ஸ்டார்க் செயின்ட் லூயிக்குக் குடிபெயர்ந்த பிறகு வந்த அட்டையில் மேப்பிள் இலை. சந்தையில் அடிக்கடி கண்ணில் படுவது இந்த இலை அட்டைதான்.

பெட்டியைப் பிரிக்கும்போதே பக்க எண்களையும் சரிபார்த்துவிடுங்கள். தாள் என்பது ஒரு பெரிய காகிதத்தின் ஒற்றை மடிப்பு, நாலு பக்கம். பாட்டு நீளமாக இருந்தால் நடுவே ஒரு உதிரித் தாளைச் செருகியிருப்பார்கள். ஒட்டவும் மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். திறந்ததும் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 5 என்றிருந்தால் அந்த உதிரித் தாள் தொலைந்துவிட்டது, பாட்டின் நடுப்பகுதி உங்களிடம் இல்லை.

கேள்வி: பியானோ ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன். இந்தப் பாட்டுகளில் முன்னிசை முடிந்ததும் இரண்டு பார் மட்டும் ரிப்பீட் குறிக்குள் இருக்கிறது, மேலே ‘டில் ரெடி’ என்று போட்டிருக்கிறது. எத்தனை முறை வாசிக்க வேண்டும்? பாடுபவருக்கு எப்படி வாசிப்பது?
— கே. எம்., சென்னை

பாடுபவர் தயாராகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம். மேடையில் பாடகர் நடந்து வரவும், ஒரு வரி பேசவும், மூச்சு எடுக்கவும் வைத்த இடம் அது. வீட்டில் இரண்டு முறை போதும். பாடுபவர் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். அவர் மூச்சை இழுத்த பின் அடுத்த சுற்றுக்குப் போனால் பாட்டு அங்கேயே இடறும்.

பெரும்பாலான பாட்டுகள் ஒரே அமைப்பில் இருக்கும்: நாலு பார் முன்னிசை, அந்த இரண்டு பார், பிறகு வெர்ஸ் (சரணம் போன்றது), பிறகு கோரஸ் (பல்லவி போலத் திரும்ப வருவது). வெர்ஸுக்கு அடியில் இரண்டு வரிசை வார்த்தைகள் இருக்கும். இரண்டாவது வெர்ஸில் அசைகள் கூடினால் சின்ன அளவு நோட்டுகள் தனியாக அச்சாகியிருக்கும். பாடுபவர் இவற்றைக் கவனிக்காமல் விடுவதால்தான் இரண்டாவது சுற்று தாளம் தப்புகிறது. கோரஸின் தொடக்கத்தில் பி–எஃப் என்று போட்டிருந்தால் முதல் முறை மெதுவான சத்தத்தில், இரண்டாம் முறை உரக்க.

வெர்ஸை விட்டுவிட்டுக் கோரஸை மட்டும் பாடுவது இப்போதைய வழக்கம். தயவுசெய்து வெர்ஸையும் பாடுங்கள். ‘டேக் மீ அவுட் டு த பால் கேம்’ (1908) கோரஸை அமெரிக்காவில் பேஸ்பால் மைதானம் முழுக்கப் பாடுகிறது. பாடுவது யார் என்பது வெர்ஸில்தான் இருக்கிறது: கேட்டி கேசி என்ற பேஸ்பால் பைத்தியம் பிடித்த பெண். காதலன் நாடகத்துக்குக் கூப்பிட, அதெல்லாம் வேண்டாம், ஆட்டத்துக்குக் கூட்டிப்போ என்கிறாள். கோரஸ் அவள் வாய்ப்பேச்சு. 1892-ல் சார்லஸ் கே. ஹாரிஸ் வெளியிட்ட ‘ஆஃப்டர் த பால்’ இன்னும் ஒரு படி மேல்: மூன்று வெர்ஸ் முழுக்கக் கதை. வெர்ஸ் இல்லாமல் கோரஸை மட்டும் கேட்டால் எதற்காக உருகுகிறார்கள் என்றே புரியாது.

பியானோவின் வலது கை பெரும்பாலும் பாட்டு மெட்டையே வாசிக்கும்படி எழுதியிருப்பார்கள், தனியாக வாசிப்பவரும் தாளை வாங்க வேண்டுமே. பாடுபவர் சுருதியில் உறுதியாக நின்றால் மெட்டை விட்டுவிட்டு, வலது கையில் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின்) உள் நோட்டுகளை மட்டும் வையுங்கள். குரல் பளிச்சென்று மேலே நிற்கும். முதல் ஒத்திகையில் மட்டும் மெட்டோடு சேர்த்து வாசியுங்கள்.

கேள்வி: தாளில் பாட்டு வரிக்கு மேல், யுக்குலேலேயில் (நாலு தந்திச் சின்னக் கிட்டார்) விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கட்டங்கள் இருக்கின்றன. அதன்படி பிடித்தால் பியானோவோடு சேரவே இல்லை. அச்சுப் பிழையா?
— வி. என்., டொராண்டோ

பிழை இல்லை, சுருதி வேறு. இன்றைய யுக்குலேலே ஜி–சி–ஈ–ஏ. 1920-களின் தாள்களில் பெரும்பாலும் ஏ–டி–எஃப் ஷார்ப்–பி, அதாவது ஒரு முழு டோன் மேலே. முதல் இசைப் பக்கத்தின் மேல்பக்கம் சுருதியைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். பாட்டு எஃப் கீயில் இருக்கிறது. கட்டம் நாலு தந்திக்கும் ஃபிரெட் 0–3–3–1 என்று காட்டுகிறது. பழைய சுருதியில் அது ஏ, எஃப், ஏ, சி. சரியான எஃப் மேஜர். அதே பிடியை உங்கள் சுருதியில் வைத்தால் ஜி, ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட். பியானோ எஃப் வாசிக்கும்போது நீங்கள் ஈ ஃபிளாட் மேஜர் வாசிக்கிறீர்கள், எப்படிச் சேரும்?

இரண்டாவது ஃபிரெட்டில் கேபோ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிவிட்டுக் கட்டத்தை அப்படியே பிடியுங்கள், சரியாகிவிடும். சின்ன சொப்ரானோ யுக்குலேலே என்றால் நாலு தந்தியையும் ஒரு டோன் ஏற்றலாம், தாங்கும். பெரிய டெனாரில் இழுவிசை அதிகம், அதில் கேபோவே நல்லது. சில தாள்களில் பி ஃபிளாட்–ஈ ஃபிளாட்–ஜி–சி என்று போட்டிருக்கும். அதற்குக் கேபோ மூன்றாவது ஃபிரெட்டில்.

1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்குப் பிறகுதான் ஹவாய் இசை மோகம் நாடெங்கும் பரவியது. இந்தக் கட்டங்கள் தாளில் வழக்கமானது 1920-களில். அவற்றை அமைத்தவர்களில் முக்கியமானவர் மே சிங்கி பிரீன், பல தாள்களில் அவர் பெயரைப் பார்க்கலாம். எடிசன் வாசகருக்கும் இது உதவும்: 1911 பாட்டில் யுக்குலேலே கட்டம் இருந்தால் அது பிந்தைய அச்சு.

கேள்வி: ராக்டைமை எவ்வளவு வேகத்தில் வாசிப்பது? கேட்கும் பதிவுகள் எல்லாம் ஓட்டமாக இருக்கின்றன.
— டி. ஜே., கோயம்புத்தூர்

ஜாப்ளின் தன் தாள்களிலேயே வேகமாக வாசிக்காதீர்கள், ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்று அச்சிட்டு வைத்தார். ‘மேப்பிள் லீஃப் ராக்’ தலைப்பில் மார்ச் வேகம் என்றிருக்கிறது. நடந்து போகும் வேகம்தான். 2/4-ல் கால் நோட்டுக்கு நிமிடத்துக்கு 80-லிருந்து 90 என்று மெட்ரோனோமை வையுங்கள். கற்கும்போது 50.

எண்ணுவதற்கு நம் தகதிமியே போதும். ஒரு பீட்டுக்கு ஒரு தகதிமி, பாருக்கு இரண்டு. இடது கை ‘த’விலும் ‘தி’யிலும் மட்டும் விழும், பேஸ் நோட்டு, கார்டு என்று மாறி மாறி. வலது கை ‘க’விலோ ‘மி’யிலோ அழுத்தி, அடுத்த தட்டைத் தாண்டிப் பிடித்து நிற்கும். முதல் தகதிமியின் ‘மி’யில் அடித்த நோட்டை இரண்டாவது ‘த’வில் மறுபடி அடித்துவிடுவதுதான் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. அந்த ‘த’வில் இடது கை மட்டும் விழ வேண்டும். நாலு அட்சரமும் சம நீளம். ஜாஸ் போல நொண்டவிடாதீர்கள்.

இடது கையை ஒரு வாரம் தனியாக வாசியுங்கள், கண்ணைக் கீபோர்டில் வைக்காமல். வேகம் திடீரென்று தடுமாறுவது பேஸிலிருந்து கார்டுக்குத் தாவும் இடத்தில்தான். பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் ‘தி’ கார்டின் துண்டு ஒலி மங்கிவிடும். கூடியவரை பெடல் இல்லாமல் பழகுங்கள். 1908-ல் ஜாப்ளினே ஆறு பயிற்சிகள் கொண்ட சின்னப் பாடப் புத்தகம் வெளியிட்டார், இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தொட்டால் ஓரம் உதிர்கிறது. முன்பு யாரோ செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். லேமினேட் செய்துவிடலாமா?
— ஆர். பி., சிங்கப்பூர்

வேண்டவே வேண்டாம். லேமினேஷனில் சூடும் பசையும் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இவை மலிவான மரக்கூழ்க் காகிதங்கள். கூழில் மிஞ்சியிருக்கும் லிக்னினும், அச்சு பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் அமிலமாகி நாரை உள்ளிருந்தே அரிக்கின்றன. மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் அரிப்பு நிற்காது.

செல்லோடேப்பை இழுக்காதீர்கள், அட்டையின் மை அதோடு வந்துவிடும். பசை காய்ந்து தானாகக் கழன்ற துண்டை மட்டும் எடுங்கள். மற்றதைக் காகிதப் பாதுகாப்பாளரிடம் விடுவதே சரி. கிழிசலை ஒட்ட மெல்லிய ஜப்பானியக் கோசோ காகிதமும், கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய நீர்த்த பசையும் போதும். பட்டையை 6–8 மில்லிமீட்டர் அகலத்தில் கையால் கிழியுங்கள். நாரோடு கிழிந்த ஓரம் தாளோடு ஒட்டி மறைந்துவிடும், கத்தரித்த நேர் ஓரம் பின்னால் அங்கேயே மடிந்து ஒடியும். பசையைப் பட்டையில் தடவி, உறிஞ்சு காகிதத்தில் ஒரு முறை ஒற்றி எடுத்த பிறகு ஒட்டுங்கள். ஈரம் அதிகமானால் பழுப்பு வளையம் விழும், அது போகாது. மேலும் கீழும் உறிஞ்சு காகிதம் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் சில மணி நேரம் வையுங்கள். கடை முத்திரையோ பேனா எழுத்தோ இருக்கும் இடத்தில் பசையே வேண்டாம், மை ஊறும்.

வைப்பதற்கு 11-க்கு 14 அங்குலப் பாலியெஸ்டர் உறை, உள்ளே அமிலமற்ற அட்டை ஒன்று. பிவிசி உறை கூடாது, நாளடைவில் மையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊர் ஈரப்பதத்துக்கு டிரை கேபினெட் தேவை. 40–45 சதவீதத்தில் வையுங்கள், அதற்கும் கீழே இறக்கினால் காகிதம் மேலும் முறுகும்.

வாசிக்க ஸ்கேன் எடுத்துப் பயன்படுத்துங்கள். பெரிய தாள் ஏ4 கண்ணாடியில் அடங்காது. ஏ3-ல் ஒவ்வொரு பக்கமாக 400 டிபிஐ. விரித்த மடிப்பு அதிலும் அடங்காது, அதற்கு மேலிருந்து கேமராதான். மடிப்பைப் பின்புறமாக வளைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே பாட்டு, ஒரே ஓவியம், ஆனால் வட்டத்துக்குள் வேறு வேறு பாடகர் புகைப்படம். எது மதிப்பு அதிகம்?
— எல். எஸ்., சான் ஹோசே

வாடெவில் (பல்சுவை நிகழ்ச்சி) மேடையில் பாட்டைப் பாடுகிற ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பதிப்பாளர் புகைப்படத்தை மாற்றி அச்சடித்தார். பாடகருக்கு விளம்பரம், பதிப்பாளருக்கு விற்பனை. பெயர் மறைந்துபோன பாடகரைவிட இன்றும் தேடப்படும் ஒருவரின் படம் இருந்தால் விலை கூடும். ஆனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். லட்சக்கணக்கில் விற்ற பாட்டுகள் இன்று சில டாலருக்குக் கிடைக்கின்றன. 1918-ன் ‘டில் வி மீட் அகெய்ன்’ எந்தப் பெட்டியிலும் இருக்கும். ராக்டைமின் முதல் அச்சுகளும் பேஸ்பால் படம் போட்டவையும்தான் தேடி வாங்கப்படுபவை. ஓவியர் கையெழுத்தையும் பாருங்கள்: ஸ்டார்மர் என்றிருந்தால் இங்கிலாந்தில் பிறந்த இரண்டு சகோதரர்கள், அட்டைகள் ஏராளமாக வரைந்தவர்கள். டி டகாக்ஸ், பார்பெல், ஃபைஃபர் கையெழுத்துகளும் அடிக்கடி வரும். எங்கள் கண்ணுக்கு டி டகாக்ஸின் அட்டைகள் தனி அழகு.

கேள்வி: என்னிடமுள்ள சில அட்டைகளில் கறுப்பினத்தவரை மிக இழிவாக வரைந்திருக்கிறார்கள். வைத்துக்கொள்வதா, எறிவதா?
— பி. ஏ., மதுரை

எறியாதீர்கள், சுவரிலும் மாட்டாதீர்கள். 1890-களிலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக இப்படிப்பட்ட பாட்டுகள் ஒரு தனிச் சரக்காகவே விற்றன. முகத்தில் கரி பூசி நடித்த மின்ஸ்ட்ரல் மேடையின் தொடர்ச்சி. சீனர், ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் யாரையும் விடவில்லை. நூலகங்கள் இவற்றைத் தக்க குறிப்போடு காக்கின்றன, ஏனென்றால் எந்த வெறுப்பு காசுக்கு விற்றது என்பதற்கு இதுவே நேரடி ஆதாரம். தனி உறையில், வருடமும் பதிப்பாளரும் எழுதி வையுங்கள். வார்த்தையை மாற்றிப் பாடி, பழைய பாட்டே இப்படித்தான் என்று காட்டுவது வரலாற்றைப் பொய்யாக்குவது.

அதே காலத்தில் அதே தொழிலுக்குள் நுழைந்து எழுதிய கறுப்பினக் கலைஞர்களையும் பக்கத்தில் வையுங்கள். பாப் கோலும் ஜான்சன் சகோதரர்களும் 1902-ல் ‘அண்டர் த பேம்பூ ட்ரீ’ தந்தார்கள். பெர்ட் வில்லியம்ஸின் ‘நோபடி’ 1905. அதே வருடம் கோதம்–அட்டக்ஸ் என்ற கறுப்பினத்தவரின் சொந்தப் பதிப்பகமே நியூயார்க்கில் நடந்தது.

கேள்வி: இவ்வளவு விற்றதே, பாட்டு எழுதியவருக்கு என்ன கிடைத்தது?
— எம். கே., திருநெல்வேலி

ஆளைப் பொறுத்தது. ஜாப்ளின் ‘மேப்பிள் லீஃப் ராக்’குக்கு வக்கீல் வைத்து ஒப்பந்தம் போட்டார்: பிரதிக்கு ஒரு சென்ட். தொகை சின்னது, ஆனால் கடைசிவரை வந்துகொண்டிருந்தது. டபிள்யூ. சி. ஹேண்டி ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ உரிமையை 1912-ல் 100 டாலருக்கு விற்றுவிட்டார், பாட்டு பெரும் வெற்றி பெற்றும் பணம் வாங்கியவருக்கே போனது. 1914-ல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ எழுதியபோது சொந்தப் பதிப்பகத்திலேயே வெளியிட்டார். பியானோ ரோலுக்கு (தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்) பாட்டு எழுதியவருக்குக் காசு இல்லை என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, 1909 சட்டம் ரோலுக்கும் இசைத்தட்டுக்கும் தலா 2 சென்ட் நிர்ணயித்தது.

பாட்டை விற்றுக் கொடுத்தவர்கள் பிளகர் எனப்பட்ட பியானோக்காரர்கள். கடையிலும் பதிப்பகத்திலும் நாள் முழுக்க அதே பாட்டுகளை வாசித்துக் காதில் ஏற்றுவது வேலை. ஜார்ஜ் கெர்ஷ்வின் 15 வயதில், 1914-ல், ரெமிக் கம்பெனியில் வாரம் 15 டாலருக்கு அந்த வேலை பார்த்தார். அவர் மெட்டுப் போட்டுப் பெயர் வாங்கிய ‘ஸ்வானி’ வந்தது 1919-ல்.

கேள்வி: இந்தியா சம்பந்தமான பாட்டு ஏதாவது உண்டா?
— ஜி. எச்., சென்னை

1918-ல் சிகாகோவில் ஃபார்ஸ்டர் வெளியிட்ட ‘ஹிந்துஸ்தான்’ ஃபாக்ஸ்டிராட் நடன மெட்டு; பெயரைத் தவிர இந்தியாவோடு தொடர்பு கிடையாது. உண்மைத் தொடர்பு உள்ளது ஒரு பிரிட்டிஷ் வெளியீட்டில். ஏமி வுட்ஃபோர்டு–ஃபிண்டன் 1902-ல் இசையமைத்த நாலு இந்தியக் காதல் பாட்டுகள் அமெரிக்க வீடுகளிலும் பரவின. வரிகள் லாரன்ஸ் ஹோப் என்ற புனைபெயரில் எழுதிய அடேலா நிக்கல்சனுடையவை. அவர் 1904-ல் உங்கள் ஊரில் இறந்தார், அடக்கமானதும் சென்னை செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டத்தில்தான்.

கேள்வி: பாடிப் பதிவு செய்து இணையத்தில் போட்டால் காப்பிரைட் பிரச்சினை வருமா? இலவசத் தாள்கள் எங்கே கிடைக்கும்?
— என். டி., டாலஸ்

அமெரிக்கச் சட்டத்தில் வெளியான வருடத்தோடு 95 கூட்டுங்கள். அந்த வருடம் முடிந்ததும் பாட்டு பொதுச்சொத்து. 1930-ல் வெளியானவை 2026 ஜனவரி 1 முதல் விடுதலை. ஆனால் பழைய இசைத்தட்டை அப்படியே பின்னணியாகப் போடுவதற்கு வேறு கணக்கு: 1922 வரையிலான பதிவுகள் 2022-ல் விடுபட்டன, 1923–1946 பதிவுகளுக்கு 100 வருடம். இன்றைய ஒருவர் புதிதாக அமைத்த பியானோ வடிவத்துக்குத் தனிக் காப்பிரைட் உண்டு, ஆகவே பழைய தாளிலிருந்தே வாசியுங்கள். இந்தியாவில் விதி வேறு, எழுதியவர் இறந்து 60 வருடம் என்பது பொதுக் கணக்கு. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர் இருவரையும் பார்க்க வேண்டும்.

தாள்களுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் எஸ். லெவி சேகரிப்பு முதலிடம்; அட்டையில் என்ன வரைந்திருக்கிறது என்பதை வைத்தும் தேடலாம். டியூக் பல்கலைக்கழகம் 1850–1920 தாள்களை ஏற்றியிருக்கிறது. பாடியவர் எப்படிப் பாடினார் என்று கேட்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ். தேடும்போது கோரஸின் முதல் வரியைப் போட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால் வெர்ஸின் முதல் வரியைப் போடுங்கள், பல பட்டியல்களில் பதிவாகியிருப்பது அதுதான்.